ஒரு கிடாய் விலையில ஒரு பொம்மை வண்டி

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், கொறங்காட்டுல ஆடுகளை அடுத்த பட்டிக்கு மாத்தி விட்டுட்டு வேப்பமரத்தடியில உக்காந்திருந்தேன். மகன்கிட்ட இருந்து வாட்ஸப்ல ஒரு மெசேஜ். "அப்பா, வண்டிய ஒருத்தர் 4,000க்கு கேக்கறாரு. குடுத்துரலாமா?"

வண்டின்னா டிராக்டரோ எக்ஸெல்லோ இல்லீங்க. மோட்டார் ரூம்ல ஆணியில ஒரு பனியன் துணிப் பைக்குள்ள தொங்கிக்கிட்டு இருக்கற ரிமோட் வண்டி. மண்ணு, கல்லு, மேடு பள்ளம்னு எல்லாத்துலயும் ஓடறதுக்குன்னு செஞ்சது. அதுக்கு இங்கிலீஷ்ல 'பக்கி'ன்னு பேராம். எங்க பக்கத்துல பக்கின்னா திட்டற வார்த்தை. முதல் நாள் பையன் பேரைச் சொன்னதும் எங்க அம்மா, "ஏஞ்சாமி, காசு குடுத்து வாங்கிட்டு அதைய ஏன் வையறே?"ன்னு கேட்டாங்க.

குடுத்துரலாமா வேண்டாமான்னு நான் இன்னும் பதில் சொல்லல. 4,000 நல்ல விலையா, கெட்ட விலையான்னு யோசிக்க ஆரம்பிச்சு, பழைய கணக்கு நோட்டை எல்லாம் எடுத்துப் பாத்துட்டேன். பாத்ததை இங்க எழுதிரலாம்னு தோணுச்சு. வழக்கமா மாடு, தென்னை, மழைன்னு எழுதற இடத்துல பொம்மைக்கார் பத்தி எழுதறேன்னு நெனைக்காதீங்க. இதுலயும் கொஞ்சம் வெள்ளாமை இருக்குது.

எங்க தோட்டம் காங்கேயத்துக்குத் தெக்கே, தாராபுரம் போற பக்கம். கொஞ்சம் தென்னை, மீதி கொறங்காடு. டவுன்ல இருக்கறவங்களுக்குச் சொல்லணும்னா, கொறங்காடுங்கறது மழையை நம்பி விட்டிருக்கற மேய்ச்சக்காடு. சுத்தியும் கிளுவை முள்வேலி, உள்ளுக்குள்ள கொழுக்கட்டைப் புல்லு, நடுநடுவே வெள்வேல மரம். காங்கேயம் மாடு வளந்ததே இந்த மாதிரிக் காட்டுலதான். மண்ணு செவப்பு, பொடிக்கல்லு நெறைய, முள்ளுக்குக் கேக்கவே வேண்டாம். ஒரு ரிமோட் வண்டியைக் கொல்லணும்னா இதை விட நல்ல இடம் கெடைக்காது.

மொதல்ல கொன்னது மூணு வண்டி. பையன் ஏழாவது படிக்கறப்ப, திருப்பூர்ல துணி எடுக்கப் போன எடத்துல 1,800க்கு ஒண்ணு வாங்கினோம். மூணாம் நாள் திரும்பறதை நிறுத்திருச்சு, நேரா மட்டும் போகும். அடுத்தது 2,200. அது ஒரு மாசம். மூணாவது காங்கேயம் தேர்க்கடையில 1,500. எட்டு மாசத்துல 5,500 ரூபாய். மூணையும் பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிப் பாத்துட்டு, "பிளாஸ்டிக்கு எடையே இல்லீங்க"ன்னு சும்மா எடுத்துட்டுப் போனாரு.

அந்த வண்டிகள்ல ஒண்ணைக் கழட்டிப் பாத்தேன். நமக்குப் பம்ப்செட்டு, ஆயில் என்ஜின்னு கழட்டிப் பழக்கம். உள்ள ஒரே ஒரு பச்சை அட்டை. சிக்னல் வாங்கறது, திருப்பறது, மோட்டாருக்குக் கரண்ட் விடறது எல்லாமே அந்த ஒரே அட்டையில. ஒண்ணு போச்சுன்னா மொத்தமும் போச்சு. அட்டையும் தனியாக் கெடைக்காது. கடைக்காரர்கிட்ட பல்சக்கரம் மட்டும் கெடைக்குமான்னு கேட்டதுக்கு, என்னை ஒரு மாதிரி பாத்துட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிட்டாரு.

என் மச்சினன், அதாவது வீட்டுக்காரி தம்பி, திருப்பூர்ல நிட்டிங் கம்பெனியில ஃபிட்டர். சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு ஞாயித்துக்கிழமை தோட்டத்துக்கு வருவான். அவன்கிட்ட பொலம்பினேன். அவன் சொன்னது எனக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்குது. "மச்சா, எங்க மிஷின்ல சுத்தியும் ரெண்டாயிரத்து எரநூறு ஊசி ஓடுது. ஒரு ஊசி உடைஞ்சா துணியில மேல இருந்து கீழ வரைக்கும் கோடு விழுகும். உடனே நிறுத்தி அந்த ஒரு ஊசியை மாத்துவோம். மிஷினையா மாத்துவோம்? ஊசி தனியாக் கெடைக்காத மிஷினை எந்த மொதலாளியாவது வாங்குவானா?"

அவன் கணக்கு சரிதான். 30 இஞ்ச் விட்டம், 24 கேஜ் மிஷின்னா இஞ்சுக்கு 24 ஊசி, சுத்தளவைப் பெருக்குனா 2,260 வருது. அத்தனையில ஒண்ணுதான் உடையும், ஒண்ணைத்தான் மாத்துவாங்க.

அவன்தான் தேடிச் சொன்னான், 'ஹாபி கிரேடு'ன்னு தனி வகை இருக்குது, அதுல ஒவ்வொரு பாகமும் தனியா விக்கறாங்கன்னு. 12ல ஒரு பங்கு அளவு, நாலு சக்கரமும் இழுக்கும், 7.4 வோல்ட் பேட்டரி, சீனாவுல செஞ்சது. விலை 11,500. கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அப்ப 2021 தீபாவளிக்கு முன்னாடி. தேங்காய் விலை படுத்துக் கெடந்த நேரம். பையன் எட்டாவது. அவன் அழுகவெல்லாம் இல்ல, அடம் பிடிக்கவும் இல்ல. அவனா வளத்துன வெள்ளாட்டுக் கிடாய் ஒண்ணு இருந்துச்சு. "அதைய வித்துக்கலாம்ப்பா"ன்னான். கன்னிவாடி சந்தையில 11,800க்குப் போச்சு. கயித்தை யாவாரி கையில குடுக்கறப்ப அவன் மூஞ்சியைப் பாக்க முடியல. வீட்டுக்காரி ரெண்டு நாள் என்கிட்டப் பேசல. "ஏனுங்க, கொழந்த வளத்துன ஆட்டை வித்துப் பொம்மை வாங்கிக் குடுக்கற ஆளை எங்கியாவது பாத்திருக்கீங்களா?"

வண்டி வந்துச்சு. பெட்டிக்குள்ள பொம்மை மாதிரி எதுவுமில்ல. அடியில அலுமினியத் தகடு, எண்ணெய் ஊத்தின நாலு ஷாக் அப்ஸார்பர், ஒவ்வொரு சக்கரத்துக்கும் பேரிங். முன்னாடி ஒரு டிஃபரென்ஷியல், பின்னாடி ஒண்ணு. டிராக்டர்ல இருக்கறது எல்லாமே உள்ளங்கை அளவுல. டயருக்குள்ள காத்து கெடையாது, ஸ்பாஞ்சு வெச்சு ஒட்டியிருக்காங்க, அதனால வேலமுள்ளு குத்துனாலும் பஞ்சர் ஆகாது. என் எக்ஸெல்லுக்கு இல்லாத பாக்கியம். பஞ்சாயத்து ரோட்டுல எக்ஸெல்லைக் கூடவே ஓட்டிப் பாத்தேன், முள்ளு 38ல நின்னுச்சு. பெட்டி மேல இதை விட நெறையப் போட்டிருந்தான். அது விதை பாக்கெட்டு மேல போட்டிருக்கற மகசூல் மாதிரின்னு விட்டுட்டேன்.

பக்கத்துல தேங்காய்க் களம் இருக்குது. காங்கேயம் சுத்தியும் கொப்பரை காய வெக்கற சிமெண்ட் களம் ஏக்கர் கணக்குல கெடக்கும். மழை நாள்ல கொப்பரை போட மாட்டாங்க, அப்ப அங்க வேகமா ஓட்டுவான். மத்த நாள் கொறங்காடு.

முதல் மாசமே உடைஞ்சுது. முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கை, சஸ்பென்ஷன் ஆர்ம்னு சொல்றாங்க, கருப்பு நைலான். வெள்வேல மரத்து வேர்ல மோதி ரெண்டாப் போச்சு. 'பாத்தியா, இதும் அவ்வளவுதான்'னு நான் மனசுக்குள்ள நெனச்சேன். பையன் ஒரு ஜோடி 450 ரூபாய்க்கு வரவெச்சு, அரை மணி நேரத்துல மாட்டிட்டான். அப்பதான் எனக்கு ஒண்ணு வெளங்குச்சு. அந்த வேகத்துல மோதியும் தகடு வளையல, டிஃபரென்ஷியல் பல்லு போகல. அந்தக் கை உடைஞ்சதாலதான் மத்தது பொழச்சுது.

உங்க வீட்டு மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்க. ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஒரு கப்ளர் இருக்கும். தேங்காய் சிக்கி பிளேடு நின்னுபோனா அது தேஞ்சு போகும், உடையும். கடையில சில்லறைக் காசுக்குக் கெடைக்கும். அது உடையலன்னா மோட்டார் காயில் கருகிரும். அந்த மாதிரிதான் இந்தக் கையும்.

இதைத் தெரிஞ்சுக்கிட்ட பொறகும் புத்தி வரல பாருங்க. எனக்கும் சரி, அவனுக்கும் சரி. மொதல்ல என் கதை. ரோட்டவேட்டருக்கு டிராக்டர்ல இருந்து போற ஷாஃப்டுல ஒரு போல்ட் இருக்குது. கல்லுல கத்தி மாட்டிச்சுன்னா அது வெட்டுப்பட்டுப் போகணும்னே போட்டது. எங்க காட்டுல கல்லு அதிகம், ஒரே நாள்ல மூணு போயிருச்சு. ஒவ்வொரு தடவையும் எறங்கி மாத்தணும். எரிச்சல்ல ஒரு கெட்டி போல்ட்டை மாட்டி விட்டேன். அப்புறம் போல்ட் உடையல. கியர்பாக்ஸ் உடைஞ்சுது. 14,000.

இது நடந்து ஆறு மாசத்துல பையன் நைலான் கையைக் கழட்டிட்டு அலுமினியக் கை மாட்டினான். நீல நிறம், பளபளன்னு இருந்துச்சு. 'அப்கிரேடு'ன்னான். களத்து மேட்டுல இருந்து குதிக்க விட்டான். கை உடையல. முன் டிஃபரென்ஷியல் கூடே விரிசல் விட்டு, உள்ள பல்சக்கரம் நாலு பல்லு இல்லாம வந்துச்சு. நான் ஒண்ணும் பேசல. ரோட்டவேட்டர் நின்ன பக்கம் கையைக் காட்டினேன். அவனும் சிரிச்சுட்டான். அலுமினியக் கை இன்னும் டப்பாவுல கெடக்குது, புதுசாட்டம்.

பந்தயத்துக்குன்னு செய்யற எதுவுமே லேசா இருந்தாகணும். எங்க அப்பாரு காலத்துல ரெண்டு வண்டி வெச்சிருந்தாங்க. பாரவண்டி ஒண்ணு, அது மூணு தலைமுறை பாத்துச்சு. இன்னொண்ணு ரேக்ளா. இன்னைக்கும் எங்க பக்கத்துல 200 மீட்டர், 300 மீட்டர்னு ரேக்ளா பந்தயம் விடறாங்க, காங்கேயம் காளை பூட்டி. ரேக்ளா வண்டியில ஒரு ஆள் ஒட்டிக்கிட்டு நிக்கற அளவுக்குத்தான் எடம். மரத்தை எழைச்சு எழைச்சு எடையைக் கொறைப்பாங்க. அது பாரவண்டி மாதிரி உழைக்கலைன்னு யாரும் ஆசாரியைத் திட்டினது கெடையாது. எது போகும், எப்பப் போகும்னு ஆசாரிக்கும் தெரியும், ஓட்டறவனுக்கும் தெரியும். பந்தயத்துக்கு முன்னாடி கடையாணியையும் அச்சையும் தொட்டுப் பாக்காம யாரும் ஏற மாட்டாங்க.

இந்த வண்டிகளோட பூர்வீகத்தைப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜப்பான்ல ஷிஸுவோகான்னு ஒரு ஊரு. அங்க டாமியாங்கற கம்பெனி 1946ல மர வியாபாரமா ஆரம்பிச்சது, அப்புறம் மரத்துல மாடல் செய்யப் போயி, பிளாஸ்டிக்குக்கு மாறினது. 1979ல மணல்ல ஓடற ரஃப் ரைடர், சேண்ட் ஸ்கார்ச்சர்னு ரெண்டு வண்டி விட்டாங்க. 1984ல கிராஸ்ஹாப்பர், அதாவது வெட்டுக்கிளி. ஏழை வீட்டுப் பையனும் வாங்கற மாதிரி, சாதாரண பிளாஸ்டிக் தொட்டி மாதிரி உடம்பு, சின்ன மோட்டார். அதே 1984ல அமெரிக்காவுல டீம் அசோசியேட்டடுங்கற கம்பெனி ஆர்சி10னு ஒண்ணு விட்டது. அது முழுக்கப் பந்தய வண்டி. நடு உடம்பு அலுமினியம், கை மட்டும் நைலான். பாருங்க, எது வளையக்கூடாதோ அது உலோகம், எது உடையலாமோ அது நைலான். என் பையன் அலுமினியக் கை மாட்டினது அந்த யோசனைக்கு நேர் எதிர்.

அதை விட எனக்கு ஆச்சரியம் வேற. வெட்டுக்கிளியை 2000களோட நடுவுல மறுபடியும் அதே அச்சு மாதிரியே போட்டு வித்தாங்க. ஆர்சி10ஐயும் 2013ல திரும்பக் கொண்டு வந்தாங்க. 40 வருஷத்துக்கு முன்னாடி வாங்குன வண்டிக்கு இன்னைக்கும் சாமான் தேடி மாட்ட முடியுது. நான் நாலு வருஷத்துக்கு முன்னாடி வாங்குன ஸ்பிரேயருக்கு வாசர் கெடைக்க மாட்டேங்குது. அதுக்கு மூணு ஊரு அலைஞ்சது தனிக் கதை.

நைலான் பத்தி இன்னொரு விஷயம், இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. சித்திரை வெய்யில்ல கை அடிக்கடி உடைய ஆரம்பிச்சுது. மழைக்காலத்துல அதே மோதல்ல வளைஞ்சு நிமிந்துரும். பையன் எங்கியோ படிச்சுட்டு, வாங்கின புதுக் கைகளைக் கஞ்சி வெக்கற சட்டியில போட்டு அரை மணி நேரம் வேக வெச்சுட்டான். வீட்டுக்காரி போட்ட சத்தத்துல நாய் வேலி தாண்டிருச்சு. ஆனா பலன் இருந்துச்சு. நைலான் ஈரத்தைக் குடிக்கற சாமானாம். காஞ்சு போனா மொறுமொறுன்னு உடையும், ஈரம் ஏறுனா இளகிக் குடுக்கும். மச்சினன்கிட்டச் சொன்னப்ப அவன் ஆச்சரியமே படல. "நூலும் அப்படித்தான் மச்சா. ஸ்பின்னிங் மில்லுல எதுக்குப் புகை மாதிரி தண்ணி அடிக்கறாங்க? காத்து காஞ்சா பஞ்சு நூலு பட்டுபட்டுன்னு அறுகும்." பஞ்சும் நைலானும் வேற வேற சாதி, ஆனா தாகம் ஒண்ணுதான் போல.

இப்படியே அவன் கத்துக்கிட்டது நெறைய. மோட்டார்ல இருக்கற சின்னப் பல்சக்கரமும் பெரிய பல்சக்கரமும் ரொம்ப நெருங்கினா சூடாகும், தள்ளி இருந்தா பல்லு அரையும். நடுவுல ஒரு நோட்டுக் காகிதத் துண்டை விட்டு, நெருக்கி முடுக்கிட்டு, காகிதத்தை உருவிருவான். அந்த இடைவெளி போதும். நான் ஆயில் என்ஜினுக்கு டேப்பட் வெக்கறப்ப தகடு விட்டுப் பாக்கறது மாதிரியே. ஸ்டியரிங்குல ஒரு ஸ்பிரிங் வெச்ச கை இருக்குது, சக்கரம் கல்லுல மோதுனா அந்த அதிர்ச்சி உள்ள இருக்கற சின்ன மோட்டார் பல்லுக்குப் போகாம அது வாங்கிக்கும். ஓட்டி முடிச்சதும் கழுவக்கூடாது. காஞ்ச பெயிண்ட் பிரஷ்ஷால செம்மண்ணைத் தட்டிட்டு, பேரிங்கைப் பனியன் வேஸ்ட்டுல தொடைச்சு ஒரு சொட்டு எண்ணெய். பனியன் வேஸ்ட்டுக்கு எங்களுக்குப் பஞ்சமே இல்ல, மச்சினன் மூட்டையாவே போட்டுட்டுப் போவான்.

இப்ப நான் எழுதத் தயங்கின இடத்துக்கு வரேன்.

பையன் பத்தாவது படிக்கறப்ப அரையாண்டுப் பரிச்சையில கணக்குல 27 மார்க். பேப்பரைப் பாத்த அன்னைக்குப் பொழுதோட அவன் களத்துல வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தான். நேராப் போயி வண்டியைத் தூக்கிட்டு வந்து, அப்படியே, பேட்டரி மாட்டினபடியே, இரும்பு பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன். "பரிச்சை முடிஞ்சு பாத்துக்கலாம்." அவன் எதோ சொல்ல வந்தான். "ஒண்ணும் பேசாத"ன்னேன். அன்னைக்கு இருந்து நாலு மாசம் வீட்டுல தேவைக்கு மேல ஒரு வார்த்தை அவன் பேசல. சோத்தைப் போட்டா சாப்பிட்டான், படிச்சான், படுத்தான். நானும் அப்பன்ங்கற மப்புல எறங்கிப் போகல.

2024 ஏப்ரல்ல கடைசிப் பரிச்சை முடிஞ்ச அன்னைக்கு பீரோவைத் தொறந்து வண்டியை எடுத்துக் குடுத்தேன். பேட்டரி பணியாரம் மாதிரி உப்பிக் கெடந்துச்சு. லித்தியம் பாலிமர் பேட்டரி அது. ஒவ்வொரு செல்லும் நெறஞ்சா 4.2 வோல்ட், 3க்குக் கீழ எறங்கினா செத்துரும். ஓட்டாம வெக்கறதா இருந்தா 3.8ல நிறுத்தி, வண்டியில இருந்து கழட்டி வெக்கணும். மாட்டியே வெச்சா ஸ்விட்சை அணைச்சிருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும். அதுல ரெண்டு பேட்டரியில நல்லது அது. உப்பின பேட்டரியை வெச்சிருக்கக் கூடாது, நெருப்புப் பிடிக்கும்.

பையன் அதைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, கோவமே இல்லாமச் சொன்னான். "3.8ல வெச்சிருக்கணும்ப்பா. பூட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேன்."

அதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்திருக்கான்.

அவன் பொதுப்பரிச்சையில கணக்குல 61 வாங்குனான். நான் பூட்டி வெச்சதாலயா, அவனாவேவான்னு எனக்கு இன்னும் தெரியாது. வீட்டுக்காரி ரெண்டாவதுதான்னு சொல்றா. அடுத்த வாரமே புதுப் பேட்டரி வாங்கினேன், என் காசுல. சார்ஜ் போடறதுக்குன்னு மோட்டார் ரூம்ல ஒரு மண்சட்டி வெச்சோம், சுத்தியும் எரியற சாமான் ஒண்ணும் இல்லாம, யாராவது ஒருத்தர் பக்கத்துல இருந்துதான் போடறது. பேட்டரி செல்லை அளக்கற சின்னக் கருவி ஒண்ணு, பெருவிரல் அளவு, அதையும் வாங்கிப் போட்டான்.

அப்புறம் அவன் பாலிடெக்னிக் சேந்து, கோயமுத்தூர்ல ஹாஸ்டலுக்குப் போயிட்டான். மெக்கானிக்கல்.

நோட்டுக் கணக்கு இதுதான். வண்டி 11,500. நாலு வருஷத்துல பேட்டரி ரெண்டு, 2,800. கை மூணு ஜோடி 1,350. டிஃபரென்ஷியல் சாமான் 900. மோட்டார் ரெண்டு 1,300, மிக்ஸி மாதிரியே கார்பன் தேயற வகை, தூசியில சீக்கிரம் போகுது. ஸ்டியரிங் சர்வோ 850. டயர் 1,600. பேரிங் 400. மேல்கூடு 700. மொத்தம் 21,400. அலுமினியக் கை செலவை அவன் கணக்குல எழுதவே இல்ல, வெக்கம் போல. நாலு வருஷம்னா எரநூறு வாரம், வாரத்துக்கு 107 ரூபாய். மொத மூணு பொம்மைக்கு எட்டு மாசத்துக்கு 5,500, அது வாரத்துக்குக் கிட்டத்தட்ட 160 ரூபாய் வருது. அதுல பாதி நாள் வண்டி ஓடவே இல்ல.

இதைப் படிச்சுட்டு ஓடிப்போயி வாங்கிறாதீங்க. அஞ்சு வயசுக் கொழந்தைக்கு இது ஆகாது, கணுக்கால்ல மோதுனா ரத்தம் வரும். அபார்ட்மெண்ட் நடையில ஓட்டறதுக்கு அந்த 1,800 ரூபாய் பொம்மையே போதும். ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கறதுல ஆசை இல்லாத பிள்ளைக்கு வாங்கினா முதல் கை உடைஞ்ச அன்னைக்கே பரண்ல ஏறிரும். வாங்கறதா இருந்தா வண்டியைப் பாக்கறதுக்கு முன்னாடி அதுக்குக் கை, பல்சக்கரம், சர்வோ மூணும் தனித்தனியா இந்தியாவுல கெடைக்குதான்னு பாருங்க. பழைய வண்டின்னா ஒரு சக்கரத்தைப் பிடிச்சுட்டு எதிர்ச் சக்கரத்தைச் சுத்துங்க, டிக் டிக்னு சத்தம் வந்தா பல்லு போயிருக்குது. சக்கரத்தைப் பிடிச்சு ஆட்டுங்க, கடகடன்னா பேரிங் இல்ல பின்னு. பேட்டரியைத் தடவிப் பாருங்க, தட்டையா இருக்கணும். மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்கறதுக்கு நாம வெக்கப்படறதில்ல, இதுக்கும் வேண்டாம்.

இப்ப 4,000 கதை. கேக்கற ஆளு திருப்பூர்ல செக்கிங் பாக்கற ஒரு பையனாம். சாமான் டப்பாவும் சேத்துத்தான் கேக்கறானாம். அவன் கேட்டதுலயே தெரியுது, வெவரமானவன். வண்டியை விட டப்பாதான் பெருசுன்னு தெரிஞ்சிருக்குது. மகன் ஹாஸ்டல்ல இருந்து மாசத்துக்கு ஒருக்காத்தான் வரான், வந்தாலும் தூங்கறான். ஆணியில தொங்கறதுக்கு அந்தப் பையன்கிட்ட ஓடட்டும்னு அவன் நெனைக்கறது நியாயம்தான்.

விக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா ஓட்டிப் பாத்துரலாம்னு நேத்து சாயங்காலம் கொறங்காட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். நாலு வருஷத்துல ஒரு நாள்கூட ரிமோட்டை நான் கையில வாங்கினதில்லீங்க. கிடாய் வித்த காசு, அவனே ஓட்டட்டும்னு ஒரு இது. ஆடெல்லாம் வேலியோரமா ஒதுங்கி நின்னு வேடிக்கை பாத்துச்சு. மொத ரவுண்டு நல்லாத்தான் போச்சு. ரெண்டாவதுல, வண்டி என்னைப் பாத்து வர்றப்ப இடது வலதாவும் வலது இடதாவும் மாறிரும்னு எனக்கு யாரும் சொல்லல. அதே வெள்வேல மரம். அதே வேரு.

மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அஞ்சு நிமிஷம் பதில் இல்ல. அப்புறம் வீடியோ காலே வந்துருச்சு. சிரிச்சுச் சிரிச்சு அவனுக்கு இருமல். "டப்பாவுல ரெண்டாவது அறையில ஒரு ஜோடி இருக்கும்ப்பா. அலுமினியத்தைத் தொட்டுறாதீங்க. புதுசு அது, வேக வெச்சு மாட்டுங்க. இல்லாட்டி இருங்க, சனிக்கிழமை நான் வரேன்."

"நீ வர வேண்டாம், நானே மாட்டறேன்"ன்னேன். "இல்ல, வரேன்"ன்னான்.

செக்கிங் பையனை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்குது. பேட்டரியைக் கழட்டி அளந்தேன், ஒரு செல் 3.79, இன்னொண்ணு 3.81. மண்சட்டியில வெச்சுட்டு வந்து, இப்ப அடுப்புல கஞ்சிச் சட்டியை ஏத்தியிருக்கேன். வீட்டுக்காரி கட்டுத்தரையில பால் கறந்துக்கிட்டு இருக்கறா. அவ வர்றதுக்குள்ள அரை மணி நேரம் ஆகணும்.